பிராணவாயு உயிர் ஆகுமா?

சைவ பாடசாலை ஆசிரியர் பலருக்கு ஒரே நாளில் ஒரே வகுப்புக்குச் சமயபாடமும் விஞ்ஞானபாடமும் சொல்ல நேரிடுவதுண்டு. காலையிலே, சரீரத்தின்கண் இயங்கும் தசவாயுக்களுள் முதலாவது பிராணன் என்கின்றோம். மத்தியானத்தின் பின், நாம் சுவாசிக்குங் காற்றில் ஐந்திலொரு பங்கு பிராணவாயு என்கின்றோம். இவ்விரண்டும் ஒன்றோ வேறோ என்பதைச் சொல்வதில்லை. சொல்லல் வேண்டுமென்று நமக்குத் தோன்றுவதுமில்லை. யானும் பல வருஷகாலம் இங்ஙனமே கற்பித்து வந்தவன்.

சில வருஷங்களுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் எழுந்து நின்று, "ஐயா, பிராணவாயு இல்லாவிட்டால் உயிர் போய்விடும் என்கிறீர்கள். பிராணன் போயிற்று என்றாலும் உயிர் போயிற்று என்பதே பொருள் என்கிறீர்கள். அப்படியானால் உயிர் என்பது காற்றிலுள்ள அந்த வாயுதானே? உடம்பு வேறு, உயிர் வேறு என்று நாங்கள் ஏன் படிக்கிறோம்?" என்று வினாவினான். பாடம் முடியப் பத்து நிமிஷமே இருந்தது. "அதெல்லாம் மேல்வகுப்பிலே படிப்பாய், இரு" என்று சொல்லி அவனை அமர்த்திவிட்டேன். விடை தெரியாமையை அதட்டலால் மறைப்பது ஆசிரியத் தொழிலிலே மிகப் பழைய தந்திரம். அவன் வினாவியது குறும்பினாலன்று என்பதையும், அவ்வினாவின் அடியிலே வேறொரு வினா இருந்ததென்பதையும் பின்னரே அறிந்தேன். அதனை உரிய இடத்திலே சொல்வேன். இப்பொழுது அவன் வாய்விட்டுக் கேட்ட வினாவை எடுத்துக்கொள்வாம்.

முதலிலே பெயரை ஆராய்தல் வேண்டும். மேனாட்டார் வழங்கும் ஒட்சிசன் என்னும் பெயர் பிரான்சிய பண்டிதராகிய இலவோசியர் 1777-ஆம் ஆண்டளவில் அமைத்தது. அமிலத்தைப் பிறப்பிப்பது என்பது அதன் பொருள். அமிலங்கள் யாவும் இவ்வாயுவினாலேயே பிறக்கின்றன என்று அவர் கருதினார். அக்கருத்துப் பிழை. கடலுப்பினின்றும் எடுக்கப்படும் ஐதரோகுளோரிக்கமிலத்திலே ஒட்சிசன் சிறிதும் இல்லை. இஃது இங்கிலாந்துப் பண்டிதர் டேவி 1810-ஆம் ஆண்டிலே செய்த ஆராய்ச்சியினால் விளங்கிற்று. ஆயினும் பெயர் நின்றுவிட்டது. பிராணவாயு என்னுந் தமிழ் வழக்கும் இத்தகையதே. சுவாசத்துக்கு இன்றியமையாத வாயு என்னுங் கருத்தினால் அதனை வழங்கினர். கேட்போர் அதனைப் பிராணனாகிய வாயு என்று கொள்ளுகின்றனர். ஒன்று அமிலத்தைப் பற்றிய மயக்கம். மற்றது உயிரைப் பற்றிய மயக்கம். முந்தியதால் எவருக்கும் பெருங்கேடில்லை. பிந்தியது அப்படிப்பட்டதன்று.

இனி நம் நூல்கள் பிராணன் என்பதை எப்பொருளிலே ஆளுகின்றன? பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்சயன் என்னும் பத்தும் தொண்ணூற்றாறு தத்துவங்களுள்ளே தாத்துவிகம் அறுபதில் அடங்குவன. மூச்சியங்குதல், மலசலங் கழிதல், உண்டது செரித்துப் பரவுதல், விக்கல், கொட்டாவி, இமைத்தல் முதலாய உடற்றொழில்களை நிகழ்த்துவன இவை. இவை பத்து வகைப்பட்ட இயக்கங்களேயன்றிப் பத்து வகைப்பட்ட வாயுப் பொருள்களல்ல. குப்பியிலே அடைத்து நிறுக்கத்தக்க ஒன்றை இவற்றுள் எதுவென்று காட்டுவது? மேலும், தனஞ்சயன் உயிர் நீங்கிய பின்னரும் உடம்பிலே தங்கி அதனை வீங்கச் செய்வதென்று சொல்லப்படுகின்றது. பிணத்திலும் ஒரு வாயு நிற்குமெனக் கொண்ட முன்னோர், வாயுவை உயிரென்று கொண்டாராவரோ?

ஒட்சிசனோ குப்பியில் அடைத்து நிறுக்கத்தக்க பொருள். சுவீடன் தேசத்து மருந்து வணிகர் சீலே இதனை முன்னரே பிரித்தெடுத்தும் 1777-ஆம் ஆண்டுவரை அச்சிற் கொண்டுவந்தாரல்லர். அதற்கிடையில், 1774-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 1-ஆம் தேதி, இங்கிலாந்திலே பிரீஸ்ட்லி என்னுங் கிறிஸ்தவ போதகர் பாதரசத்தைச் சுட்டுப் பெற்ற செந்நிறப் பொடியின்மீது பெரிய கண்ணாடிவில்லையாற் சூரியவெப்பத்தைக் குவித்தார். அதனினின்றும் எழுந்த வாயுவிலே மெழுகுதிரி மிக்க ஒளியோடு எரிந்தது. அவர் இவ்வாயுவைப் பற்றி எழுதியவற்றுள் ஒரு கருத்து ஆழமானது: இதிலே திரி விரைந்து எரிந்து தீர்வதுபோல, இதனையே சுவாசிப்பவரும் விரைந்து வாழ்ந்து தீர்ந்துவிடக் கூடுமாதலின், இயற்கை அளித்த பொதுக்காற்றே நமக்குத் தக்கதாகலாம் என்பது. இதன் பயனைப் பின்னர்க் காண்பாம்.

இஃது உடம்பிலே செய்யுந் தொழில் யாது? நாம் உள்ளிழுக்குங் காற்றிலே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். 21 பங்கு ஒட்சிசன். வெளிவிடுங் காற்றிலும் ஒட்சிசன் 16 பங்களவு உண்டு. கரியமிலவாயு 4 பங்களவு சேர்ந்திருக்கும். வெளிமூச்சிலே ஒட்சிசன் இல்லையென்று மாணாக்கர் பலர் எழுதுவது தவறு. நீரில் மூழ்கியவனுக்கு வாயோடு வாய்வைத்து ஊதிப் பிழைப்பிப்பது அந்தப் 16 பங்கினாலேயே கூடுவதாயிற்று. சுவாசப்பையிலே 30 கோடிக்குக் குறையாத சிற்றறைகள் உள. அவற்றின் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மீற்றர். நம் வகுப்பறைத் தளத்தினும் பெரிது. அப்பரப்பின் வழியே ஒட்சிசன் இரத்தத்திற் புகுந்து செங்குழியங்களிலுள்ள ஈமோகுளோபினைப் பற்றுகின்றது. ஒரு செங்குழியத்திலே ஏறக்குறைய 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு ஒட்சிசன் மூலக்கூறுகளைத் தாங்க வல்லது. இளைப்பாறியிருக்கும் ஒருவர் நிமிஷம் ஒன்றுக்கு 250 மில்லிலீற்றர் அளவான ஒட்சிசனைச் செலவிடுகின்றார். உடம்பின் நிறையில் நூற்றுக்கு 2 பங்கேயாகிய மூளை, அதிலே 20 பங்கைத் தானே கொள்ளுகின்றது.

இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ளன. அங்கே பெரும்பாலும் அழுத்திச் சொல்லப்படாதது ஒன்றுண்டு. ஒட்சிசன் நமக்குச் சக்தியைக் கொடுப்பதுபோற் பேசுகின்றோம். சக்தி வருவது பெரும்பாலும் உண்ட உணவினின்றுமாம். கலங்களுள்ளே இழைமணி எனப்படும் நுண்ணுறுப்புக்களிலே, உணவினின்றும் நீங்கிய இலத்திரன்கள் படிப்படியாக இறங்கி வருகின்றன. இறங்குந்தோறும் சிறிது சிறிதாகச் சக்தி பெறப்படுகின்றது. இறங்கி முடிந்த இலத்திரனை ஏற்றுக்கொண்டு, ஐதரசனோடு கூடி நீராய் மாறுவதே ஒட்சிசனின் தொழில். தோட்டக்காரர் இறைக்குந் தண்ணீர் வாய்க்கால் வழியே பாத்திதோறும் பாய்ந்து கடைப்பாத்தியிலே சேர்கின்றது. கடைவாய் அடைபட்டால் தண்ணீர் தேங்கி வாய்க்கால் முழுதும் நிற்கும். கிணற்றிலே நீர் வற்றாதிருந்தும் பயனில்லை. ஒட்சிசன் அக்கடைவாய் போன்றது. அது வாராதொழிந்தால், உணவு இருந்தும், உறுப்புக்கள் பழுதின்றி இருந்தும், சில நிமிஷங்களிலே மூளை கெடுகின்றது. 1782, 1783 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலத்திலே இலவோசியரும் இலப்பிலாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துள் வைத்து, உருகிய பனிக்கட்டியையும் வெளிவந்த கரியமிலவாயுவையும் அளந்து, சுவாசம் என்பது மெல்ல நிகழும் எரிதலே என்று காட்டினர். நாமும் அடுப்பும் ஒருவகையில் ஒரே தொழில் செய்கின்றோம்.

உலகத்திலே இவ்வாயு எங்ஙனம் நிலைபெறுகின்றது என்பதைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வேன். திரி எரிந்து கெட்ட காற்றிலே புதினாச் செடியை வைத்தாற் சில நாளில் அதிலே மறுபடியுந் திரி எரியுமென்பதை 1771-ஆம் ஆண்டிலே கண்டவரும் பிரீஸ்ட்லியே. செடியின் பச்சைப் பாகங்களே, ஒளியுள்ள பொழுதே, இதனைச் செய்கின்றன என்று 1779-இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். உலகில் ஆண்டுதோறும் உண்டாகும் ஒட்சிசனில் ஏறக்குறையப் பாதி கடலிலே மிதக்கும் நுண்ணுயிர்களாலே உண்டாகின்றது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை பூமியின் காற்றிலே ஒட்சிசன் தனித்து நிற்கவில்லை. நீலப்பச்சைப் பாசிகள் அதனை வெளிவிட்டுப் பெருக்கியபோது, அக்காலத்து உயிர்கள் பலவற்றுக்கு அது நஞ்சாயிற்று. அவ்வழிவந்த வாழ்க்கை இன்றும் காற்றுப்புகாத இடங்களிலே நடக்கின்றது. யாழ்ப்பாணக் கடனீரேரியின் கருஞ்சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை நாற்றம், ஒட்சிசனின்றி வாழும் நுண்ணுயிர்களின் தொழிலே. ஏற்புவலியை உண்டாக்குங் கிருமியும் ஒட்சிசன் உள்ள இடத்திலே பெருகாது.

இவ்விடத்தில் என் மனத்தை நெடுநாள் உறுத்திய ஒன்றைச் சொல்லல் வேண்டும். நம்மவர் மேடைகளிலே, சிலவேளை நம் பாடசாலைப் பேச்சுப் போட்டிகளிலேகூட, சில கூற்றுக்கள் வழங்குகின்றன. அரசமரம் இரவும் பகலும் பிராணவாயுவை விடுகின்றது. ஆதலால் முன்னோர் அதனை வலம்வந்தனர் என்பது ஒன்று. பசு பிராணவாயுவை வெளிவிடும் விலங்கு என்பது ஒன்று. ஓமப்புகை காற்றிலே பிராணவாயுவைப் பெருக்கும் என்பது மற்றொன்று. இம்மூன்றும் பொய். ஒளியின்றி எம்மரமும் ஒட்சிசனைப் பிறப்பியாது. இரவிலே அரசும் நம்மைப்போலச் சுவாசித்துக் கரியமிலவாயுவையே விடும். பசுவின் வெளிமூச்சிலே ஒட்சிசன் எஞ்சியிருப்பது நம் வெளிமூச்சில் எஞ்சியிருப்பது போன்றதே, அஃது உண்டாக்கியதன்று. தீயோ ஒட்சிசனைச் செலவிடுவதன்றி ஈவதன்று. அரசை வலம்வருதற்கும், ஆவைப் போற்றுதற்கும், வேள்வி செய்தற்கும் நம் சமயத்திலே உரிய காரணங்கள் உள. அவற்றை விட்டு இரசாயனத்திலே கடன்வாங்கிய பொய்யைக் காரணமாகக் காட்டுவது, தாயின் பெருமையைச் சொல்லப் புகுந்து அவளுக்கு இல்லாத நகையை உண்டென்று சாதிப்பது போலாம். அப்பிள்ளை நாளைக்கு உயர்வகுப்பிலே உண்மையை அறிவான். அறியும்போது அரசமரக் கதையை மாத்திரமா விடுவான்? அதனைச் சொன்ன வாய் சொன்ன மற்றெல்லாவற்றையும் ஐயுறுவான்.

பிராணாயாமத்தைப் பற்றியும் இத்தகைய மிகைக் கூற்று உண்டு. அது சரீரத்திலே ஒட்சிசனைப் பன்மடங்கு நிறைக்கும் என்பர். சுகதேகியின் நாடியில் ஓடும் இரத்தத்திலே ஈமோகுளோபின் தாங்கத்தக்க ஒட்சிசனில் நூற்றுக்கு 95 பங்குக்குக் குறையாமல் முன்னரே நிறைந்திருக்கின்றது. நிறைகுடத்திலே எவ்வளவு வார்ப்பது? மூச்சுவிட வேண்டுமென்னும் முட்டுதலும் பெரும்பாலும் ஒட்சிசன் குறைவினால் எழுவதன்று, கரியமிலவாயு மிகுதியால் எழுவது என்பதை 1905-இல் ஆல்டேன் என்பவரும் அவர் துணைவரும் காட்டினர். விரைந்து விரைந்து மூச்சிழுத்து விடுபவனுக்குக் கரியமிலவாயு குறைந்து, மூளையின் இரத்தக்குழாய்கள் சுருங்கித் தலைசுற்றும். அங்ஙனஞ் செய்தபின் நீரிலே மூழ்கி மூச்சடக்கும் பிள்ளை, முட்டுதலை உணராமலே நீருள் மயங்கி இறப்பதுமுண்டு. கேணியிலே நீந்தும் மாணாக்கருக்கு இதனை எச்சரித்தல் நம் கடன். பிராணாயாமத்தின் பயன் மனத்தை அடக்குதல் என்றே யோகநூல் சொல்லும். அது சொல்லாத பயனை நாம் ஏன் ஏற்ற வேண்டும்?

விஞ்ஞானம் மாத்திரமே கற்பிக்கும் ஆசிரியரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். தட்டில் நீர் வார்த்து, நடுவே திரியை ஏற்றி, கண்ணாடிக் குவளையாற் கவிழ்த்து மூடுகின்றோம்; திரி அணைய, நீர் ஏறுகின்றது. ஐந்திலொரு பங்கு ஒட்சிசன் தீர்ந்தமையால் அவ்வளவுக்கு நீர் ஏறிற்று என்கின்றோம். உண்மையிலே திரி அணையும்போது ஒட்சிசன் பெரும்பகுதி குவளையுள்ளே எஞ்சியிருக்கும். அக்காற்றிலே ஒரு சிற்றெலி பின்னுஞ் சிறிதுநேரம் உயிர்வாழும். வெப்பத்தால் விரிந்த காற்றுக் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுதற்குப் பெருங்காரணம். யான் இருபது வருஷத்துக்கு மேலாக இப்பிழையைப் பிழையென்றறியாது கற்பித்தேன்.

யான் கல்வி கற்றது ஒரு மிஷன் பாடசாலையில். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் வைத்தியங் கற்பித்ததையும், அவர் ஆக்கிய கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் 1875-இல் தமிழில் அச்சேறியதையும் எண்ணும்போது, அவ்வழியாக நமக்கு வந்த கல்விக்கு நன்றி பாராட்டாதிருத்தல் தகாது. ஆயினும் என் வகுப்பிலே விஞ்ஞானங் கற்பித்த ஆசிரியர் ஒருவர், தசவாயுக்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி, இவற்றுள் ஒட்சிசன் எது, நைதரசன் எது என்று கேட்டு நகைப்பார். வகுப்பும் நகைக்கும், யானுந் தலைகுனிந்து நகைத்தேன். பின்பு சைவ பாடசாலையில் ஆசிரியனாய் அமர்ந்தபோது, அந்த நாணத்துக்கு மருந்தாக, ஒட்சிசனை நம் முனிவர் பிராணன் என்ற பெயரால் என்றோ அறிந்திருந்தனர் என்று மேடையிற் பேசினேன். கைதட்டுங் கிடைத்தது. அவர் நகைத்ததும் யான் பெருமை பேசியதும் ஒரே பிழையினின்று பிறந்தன என்பதை உணர நெடுங்காலஞ் சென்றது. இருவேமும் பிராணனை ஒரு வாயுப்பொருள் என்றே கொண்டோம்.

இனி மாணாக்கன் வினாவுக்கு நேரே வருவாம். ஒன்று இல்லாதபோது மற்றொன்று இல்லையாகின்றது என்பதனால் இரண்டும் ஒன்றென்று முடித்தல் அளவைநூல் வழியன்று. எண்ணெய் இல்லாதபோது சுடர் இல்லை, எண்ணெய் சுடராகாது. ஒளி இல்லாதபோது கண் காண்பதில்லை, காண்பது ஒளியன்று. அந்நுவயம், வெதிரேகம் இரண்டினாலும் பார்ப்பின் இது தெளிவாகும். ஒட்சிசன் உள்ள இடமெல்லாம் உயிர் உண்டோ? பூமியின் மேலோட்டின் நிறையிலே நூற்றுக்கு 46 பங்களவும், நீரின் நிறையிலே ஒன்பதில் எட்டுப் பங்கும் ஒட்சிசனே. கல்லும் நீரும் உயிராவதில்லை. ஒட்சிசன் இல்லாத இடமெல்லாம் உயிர் இல்லையோ? கடனீரேரிச் சேற்றை மேலே கண்டோம். அன்றியும், அது தானே உயிராயின் மிகுந்தோறும் உயிர் மிகுதல் வேண்டும். பிரீஸ்ட்லி ஐயுற்ற ஐயம் இங்கே பயன்படும். 1940-ஆம் ஆண்டுகளிலே குறைமாதத்திற் பிறந்த சிசுக்களைப் பிழைப்பிக்க வேண்டி, பல தேசத்து வைத்தியசாலைகளிலே கண்ணாடிப் பெட்டிகளுள் ஒட்சிசனை மிகுதியாகச் செலுத்தினர். அச்சிசுக்களிற் பலர் குருடராயினர். 1942-இல் இந்நோய் முதன்முதல் விவரிக்கப்பட்டது. காரணம் மிகையொட்சிசனே என்று 1951-இல் மெல்பேணிலே கேற் காம்பெல் என்னும் வைத்தியர் சுட்டினார். 1954-இல் அமெரிக்க வைத்தியசாலைகள் பல கூடிச் செய்த பரீட்சையினால் அஃது உறுதியாயிற்று. அதற்குள் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் கண்ணிழந்தனர் என்பர். கொடுத்தவர் கொடியரல்லர், உயிர் கொடுக்கின்றோம் என்றே கொடுத்தனர்.

ஆயினும் எதிர்வாதி இதனோடு அமையான். ஒட்சிசன் குறைந்தால் அறிவே குறைகின்றதே, அறிவு உயிரின் குணமாயின் அது வாயுவுக்கு அடிமைப்படுவதென்னை என்று கேட்பான். இக்கேள்வி வலியது. 1875-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15-ஆம் தேதி பாரிசிலிருந்து செனித் என்னும் ஆகாயக்கூண்டிலே மூவர் ஏறினர். அவர்கள் ஒட்சிசன் கலந்த வாயுவைப் பைகளிலே கொண்டுசென்றனர். எட்டாயிரம் மீற்றருக்கு மேலே சென்றபோது காற்று மிக அருகிற்று. அவருட் பிழைத்து மீண்ட திசாந்தியே பின்பு எழுதியதன் சாரம் இது: துன்பம் ஒன்றுந் தோன்றவில்லை, உள்ளே ஒருவகை மகிழ்ச்சியே தோன்றிற்று, அருகிலிருந்த வாயுக்குழாயைப் பற்ற விரும்பியுங் கை அசையவில்லை. ஏனையிருவராகிய சிவெலும் குரோச்சே ஸ்பினெல்லியும் இறந்தனர். அறிவு தேய்வது மாத்திரமன்று, தேய்கின்றதென்னும் அறிவுந் தேய்கின்றது.

இஃது ஆன்மா தானே எல்லாம் அறிவதெனக் கொள்ளும் மதத்துக்கு இடராகலாம். சித்தாந்தத்துக்கு இடரன்று. கருவிகளோடு கூடாத கேவலாவத்தையிலே ஆன்மா ஆணவத்தால் மறைப்புண்டு ஒன்றும் அறியாது கிடக்குமென்றும், மாயையின் காரியமாகிய உடம்பு முதலியன இருளிலே விளக்குப்போல உதவ அறியுமென்றும் நாம் கொள்ளுகின்றோம். விளக்குக்கு எண்ணெய் குறைந்தால் காட்சி மங்குதல் இயல்பே. மெய்கண்டதேவர் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்திலே, பிராணனே ஆன்மா என்னும் பிராணான்மவாதியை எடுத்து மறுத்தருளினார். உறக்கத்திலே மூச்சுத் தவறாது இயங்கியும் நுகர்ச்சியுந் தொழிலும் இல்லை. ஆதலால் மூச்சு அறிவதன்று என்பது அம்மறுப்பின் கருத்து. இந்நாளிலே சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து பெற்றவரின் விரலிலே ஒரு கருவி பூட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கின்றனர். அளவு நிறைவாக நிற்கின்றது. அவரோ கத்திபட்டும் அறியார். என் மாணாக்கன் நம் சமயத்துக்கு எதிராக எழுப்பியதாக நினைத்த வினாவை நம் ஆசாரியர் எழுநூறு வருஷத்துக்கு முன்னரே எழுப்பி விடை கூறியிருந்தனர். அதனை அறியாத ஆசிரியன் அவனை அமர்த்தினான்.

இவ்விடத்து நேர்மையாக ஒன்று சொல்லல் வேண்டும். மேற்கூறியவை ஒட்சிசன் உயிரன்று என்பதையே நாட்டும். உடம்பின் வேறாய் உயிர் உண்டென்பதை நாட்டமாட்டா. உறுப்புக்கள் எல்லாம் கூடிய கூட்டமே அறிவது, மூளையே அறிவது என்பவனுக்கு இவ்வுதாரணங்கள் விடையாகா. அவனுக்கு எதிரே, எனது உடம்பு, எனது மூச்சு என்று இவற்றைப் பிரித்துச் சொல்பவன் யார் என்னும் விசாரத்தைத் தனியே நடத்தல் வேண்டும். அது பரீட்சைக் குழாயிலே முடியும் விசாரமன்று. ஒட்சிசனைக் கண்ட பிரீஸ்ட்லியே, 1777-இல் வெளியிட்ட நூலிலே, உடம்பின் வேறாய ஆன்மா இல்லையென்று வாதித்தார். வாதித்துக்கொண்டே கடவுளையும் மரித்தோர் உயிர்த்தெழுதலையும் நம்பிப் பிரசங்கஞ் செய்துவந்தார். அவர் அக்கொள்கைக்கு வந்தது தத்துவ விசாரத்தினாலும் வேதவாசிப்பினாலுமேயன்றித் தாம் கண்ட வாயுவினால் அன்று. வாயு இரு பக்கத்துக்குஞ் சாட்சி சொல்வதில்லை. விஞ்ஞானம் ஆன்மாவை நிரூபித்துவிட்டது என்று எழுதும் நம்மவரையும், இல்லையெனக் காட்டிவிட்டது என்று எழுதும் மற்றவரையும் நான் ஒரே வரிசையில் வைக்கின்றேன்.

அம்மாணாக்கனைப் பற்றிச் சொல்வதாக முன்னர்க் கூறினேன். அவ்வினா நிகழ்ந்து சில நாளின்பின் அவன் வகுப்புக்கு வாராமையால் வீட்டுக்குச் சென்றேன். அவனுடைய அப்பப்பா இரண்டு மாதத்துக்கு முன் சுவாசப்பை நோயினால் வைத்தியசாலையிலே கிடந்து இறந்தவர். இனிப் பயனில்லை என்று வைத்தியர் பலமுறை சொன்னபின், அவன் தந்தையார் சம்மதிக்க, ஒட்சிசன் குழாயை அகற்றினர். அன்று மாலையே முதியவர் இறந்தார். பையன் கட்டிலருகே நின்றிருக்கின்றான். அவன் என்னைத் தனியே கண்டு, தலைகுனிந்தபடி, "ஐயா, அந்த வாயுதான் உயிரென்றால், அப்பாதானே அப்பப்பாவின் உயிரை எடுத்தவர்?" என்றான்.

இரண்டு மாதம் அவன் இதனைச் சுமந்திருந்தான். யான் அவனருகே திண்ணையில் அமர்ந்து, மேலே எழுதியவற்றிற் பெரும்பாலானவற்றை அவனுக்கு விளங்கும் அளவிற் சொன்னேன். குழாயிலே ஒட்சிசன் குறைவில்லாதிருந்தது. அதனை ஏற்கவேண்டிய சிற்றறைகள் அழிந்துவிட்டன. கடைவாய் அல்ல, வாய்க்காலே சிதைந்துவிட்டது என்றேன். அந்த வாயு அப்பப்பா அல்லர், அவர் இவ்வுடம்பில் இருக்கும்வரை உதவிய ஒன்று என்றேன். குழாயை அகற்றலாமோ ஆகாதோ என்பது எல்லார்க்கும் ஒரே விடையுள்ள வினாவன்று, உன் தந்தையார் அதனை இலேசாகச் செய்தாரல்லர் என்றும் சொன்னேன். நான் பேசும்போது அவன் தந்தையார் உள்ளேயிருந்து வாசற்படிமட்டும் வந்து, கேட்டுக்கொண்டு நின்று, ஒன்றுஞ் சொல்லாது திரும்பிப் போனார்.

பையன் மறுநாள் பாடசாலைக்கு வந்தான். வாரமுடிவிலே விஞ்ஞானக் கொப்பிகளைத் திருத்தும்போது அவனுடையதைப் பார்த்தேன். நான் சொல்லி எழுதுவித்த பிராணவாயு என்னுஞ் சொல்லை அவன் அழிக்கவில்லை. அது வந்த இடந்தோறும் பக்கத்திலே சிறிய எழுத்தில் ஒட்சிசன் என்று எழுதியிருந்தான். சரியென்று குறியிட்டுக் கொடுத்தேன்.